திருப்பும் முன் அடுப்புக்குச் சொல்லுங்கள்

பாய்மரப் படகில் சமைக்கும்போது நெருப்பைவிட வெந்நீருக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். நெருப்பு எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியும், குமிழைத் திருகினால் அடங்கிவிடும். கெட்டிலில் கொதிக்கிற ஒன்றரை லிட்டர் தண்ணீருக்குக் குமிழ் கிடையாது. படகு சடாரென்று சாய்ந்தால் அது அடுப்பில் இருக்காது, நம் தொடையில் இருக்கும்.

நான் தாசேக் கெலுகோர்க்காரி. எங்கள் ஊரில் கடல் இல்லை. ரப்பர் இருந்தது, பிறகு செம்பனை வந்தது, அதைத் தாண்டினால் நெல் வயல். பள்ளிக்கூடக் கேண்டீனில் அம்மாவோடு நின்று சமையல் பழகினேன். அப்புறம் கல்யாண வீடு, கோயில் அன்னதானம் என்று கேட்டரிங். பினாங்குத் தீவில் ஒரு பாய்மரப் படகுக்குச் சாப்பாடு கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தபோது, "அக்கா, லங்காவி வரைக்கும் நீங்களே கூட வந்து சமைச்சுக் கொடுங்களேன்" என்றார்கள். அப்படி ஏறியதுதான். இன்றைக்கும் வேலை வந்தால் காலையில் கொம்யூட்டர் ரயிலைப் பிடித்து பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரியில் ஜோர்ஜ் டவுன், பிறகு படகுத்துறை. அரைத்த மசாலாவும் என் பிரஷர் குக்கரும் முதுகுப்பையில் வரும். நவம்பர் வந்தால் வேலை கூடும். கிள்ளான் துறைமுகத்தில் தொடங்கி பங்கோர், பினாங்கு வழியாக லங்காவியில் முடியும் ராஜா மூடா சிலாங்கூர் படகுப் போட்டி 1990-லிருந்து நடக்கிறது. அந்த நேரத்தில் படகுகளும் ஆட்களும் இந்தக் கரையோரம் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே இருப்பார்கள். அத்தனை பேருக்கும் பசிக்கும்.

படகுச் சமையல்கட்டு என்றால் இரண்டு துணி அலமாரியைச் சேர்த்து வைத்த இடம். கையை நீட்டினால் எல்லாம் எட்டும். அதனால் வேலை சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. எல்லாம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறதென்றால், சிந்துகிற எதுவும் நம்மீதுதான் விழும்.

முதலில் அடுப்பைப் பற்றிச் சொல்கிறேன். கடலுக்குப் போகிற படகில் அடுப்பு இரண்டு பக்கமும் ஆணியில் தொங்கும். கிம்பல் என்பார்கள். படகு இடமாகவோ வலமாகவோ சாயும்போது அடுப்பு மட்டும் ஊஞ்சலாடி, மேல்தட்டைக் கிடைமட்டமாகவே வைத்துக்கொள்ளும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு அடுப்புதான் ஆடுகிற மாதிரி இருக்கும். உண்மையில் ஆடுவது நாமும் படகும்தான். துறையில் நிற்கும்போது அதை அசையாமல் பூட்டி வைக்கலாம். கிளம்பும்போது பூட்டை எடுத்துவிட வேண்டும். ஆனால் கிம்பலை முழுக்க நம்பாதீர்கள். பக்கவாட்டுச் சாய்வுக்குத்தான் அது ஈடு கொடுக்கும். அலையில் ஏறி முன்னும் பின்னுமாகக் குத்துகிற ஆட்டத்துக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்காகத்தான் அடுப்பைச் சுற்றிக் கம்பித் தடுப்பும், பாத்திரத்தை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற கவ்விகளும் வைக்கிறார்கள். கவ்வி இல்லாத அடுப்பில் நான் கடலில் எதையும் ஏற்றுவதில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அடுப்புக்குக் கீழே ‘அவன்’ (oven) இருக்கும் மாதிரியில், கடலில் அதன் கதவைத் திறந்தால் கதவின் கனம் முன்பக்கம் இழுத்து அடுப்பே நம்மை நோக்கிக் கவிழும். மேலே கொதிக்கிற சட்டி இருந்தால் நேரே நெஞ்சுக்கு வரும். அவனைத் திறக்க வேண்டுமென்றால் மேலே ஒன்றும் இருக்கக் கூடாது. அல்லது அடுப்பைப் பூட்டிவிட்டுத் திறக்க வேண்டும். புதிதாக ஏறுகிற படகில், துறையில் இருக்கும்போதே கெட்டிலில் பச்சைத் தண்ணீர் ஊற்றி வைத்து, அடுப்பைக் கையால் ஆட்டி, கதவையும் திறந்து பார்த்துவிடுவேன். சிந்தினால் பச்சைத் தண்ணீர்தானே.

எங்கே நிற்பது என்பதும் முக்கியம். அடுப்பு மேட்டுப் பக்கம் இருந்தால் சட்டி நம்மேல் விழும். பள்ளத்துப் பக்கம் இருந்தால் நாம் சட்டிமேல் விழுவோம். எந்தப் பக்கம் காற்று, எந்தப் பக்கம் சாய்வு என்று தெரியாமல் தீ மூட்டக் கூடாது. அடுப்புக்கு முன்னால் கெட்டியான குறுக்குக் கம்பி ஒன்று இருக்கும். அது நாம் அடுப்பில் போய் மோதாமல் இருக்க. பின்னால் இடுப்பைத் தாங்க ஒரு பட்டை கட்டுவார்கள். இந்தப் பட்டையைப் பற்றிப் படகுக்காரர்களிடையே சண்டையே உண்டு. கட்டிக்கொண்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும் என்று ஒரு கட்சி. கட்டிக்கொண்டால் சூடு கொட்டும்போது விலகி ஓட முடியாது என்று இன்னொரு கட்சி. நான் கட்டிக்கொள்கிற கட்சி. ஆனால் ஒரே இழுப்பில் கழன்றுவிடுகிற கொக்கி இருக்க வேண்டும். முடிச்சுப் போட்ட பட்டை என் இடுப்புக்கு வராது.

நம் ஊர் வெக்கையில் படகில் எல்லாரும் அரைக்கால் சட்டையும் வெறுங்காலுமாகத்தான் இருப்பார்கள். மேலே அது சரி. அடுப்படியில் ஆகாது. மழைக்குப் போடுகிற, நெஞ்சுவரை ஏறும் ரப்பர் கால்சட்டை இருக்கிறதே, அதைப் போட்டுக்கொண்டு சமைக்கிறேன். வேர்த்துக் கொட்டும், குளித்துக்கொள்ளலாம். கொதிநீர் அதன்மேல் வழிந்து கீழே போய்விடும். காலில் மூடிய ஷூ. பருத்திக் கைலி கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். துணி கொதிநீரைக் குடித்துத் தோலோடு பிடித்து வைத்துக்கொள்ளும்.

தே ஊற்றுவதைச் சொல்ல வேண்டும். கோப்பையை ஒருவர் கையில் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கெட்டிலால் ஊற்றுவது கரையில் மரியாதை. கடலில் அது காயத்துக்கு வழி. கோப்பைகளைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் நிறுத்தி, அங்கேயே ஊற்றுங்கள். சிந்துவது தொட்டிக்குள்ளேயே போய்விடும். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மேலே இருப்பவர் கையில் கொடுக்கும்போது, அவர் வாயால் "பிடிச்சிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் என் விரலை எடுப்பேன். பெரிய சட்டி எதுவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரம்பாது. பிரஷர் குக்கரை நான் விரும்புவதற்குக் காரணம் வேகமாக வேகிறது என்பது மட்டுமல்ல. மூடி பூட்டிக்கொள்கிறது. உருண்டு விழுந்தாலும் உள்ளே இருப்பது அப்படியே கொட்டாது. வெயிட் போடாமல் வெறும் சட்டியாகப் புழங்கும்போதும் மூடியைப் பூட்டியே வைத்திருப்பேன்.

மலாக்கா நீரிணையில் சுமத்ரா என்றொரு காற்று உண்டு. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் நடு இரவுக்கும் விடியலுக்கும் இடையில் மேற்கிலிருந்து வரும். கருமேகம் ஒரு சுவராக எழுந்து நிற்கும். மூச்சுவிடாமல் இருந்த கடலில் சில நிமிடங்களுக்குள் காற்று 40 நாட் வரை ஏறிவிடும். கூடவே இடியும் மழையும்.

லங்காவியிலிருந்து திரும்பும்போது ஒரு விடியலில், கெடா கரைக்கு அப்பால், எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். இஞ்சியும் ஈக்கான் பிலிஸும் போட்ட அரிசிக் கஞ்சி. படகு வலப்பக்கம் சாய்ந்து ஒரே சீராகப் போனது. சுக்கான் பிடித்திருந்த தம்பி மேலிருந்து குனிந்து கூப்பிட்டான். "அக்கா, மேற்கே இருட்டுது. ரெண்டு நிமிஷத்துல திருப்பப் போறோம்." "பொறு தம்பி, நான் சொல்லுறேன்" என்றேன். கேஸ் தோங்கில் வால்வை மூடி, அடுப்பை அணைத்து, குக்கரைத் தூக்கித் தொட்டிக்குள் உட்கார வைத்து, சுற்றிலும் ஈரத்துணி திணித்து, படியோரம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். "இப்ப திருப்பு." படகு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு விழுந்தது. அலமாரிக்குள் தட்டெல்லாம் கிடுகிடுத்தது. தொட்டிக்குள் வைத்த கஞ்சி ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அந்தத் தம்பி குனிந்து சொல்லாமல் சுக்கானைத் திருப்பியிருந்தால் அந்தக் கஞ்சி முழுக்க என்மேல் இருந்திருக்கும்.

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இதற்காகத்தான். பாய்மரப் படகில் அடுப்பைப் பத்திரமாக வைத்திருப்பவர் சமைப்பவர் மட்டுமல்ல, சுக்கான் பிடிப்பவரும்தான். பாயை இழுக்கும் ஆட்களுக்கெல்லாம் "தயாரா?" என்று குரல் கொடுக்கிறார்கள். அந்தக் குரல் அடுப்படிக்கும் வர வேண்டும், அடுப்படியிலிருந்து பதில் போகும்வரை காத்திருக்கவும் வேண்டும். வேறு வழியும் உண்டு. சமைக்கிற அரை மணி நேரத்துக்கு பாயைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம். காற்றை எதிர்த்து முட்டாமல் பின்காற்றில் விட்டுக்கொள்ளலாம். போட்டியில் ஓடுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். மூன்றாவது நாள் சூடாக ஒன்றும் சாப்பிடாமல் கை நடுங்கும்போது அவர்களே இறங்கி வந்து கேட்பார்கள்.

இது சின்னப் பயணத்துக்கு மட்டும் உரிய பேச்சு அல்ல. புதுச்சேரியைச் சேர்ந்த இந்தியக் கடற்படை அதிகாரி ரூபாவும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் தாரிணி என்ற 56 அடிப் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். அதே படகில் 2017-18-இல் 6 பெண்கள் சுற்றி வந்தார்கள். 6 பேர் இருந்தால் ஒருவர் சமைக்க, மற்றவர்கள் மேலே பார்த்துக்கொள்வார்கள். 2 பேர் என்றால் ஒருவர் அடுப்பிலும் ஒருவர் சுக்கானிலும் இருப்பார்கள், அல்லது ஒருவர் தூங்குவார். தென்கடலில் வீடு உயரத்துக்கு அலை வரும் இடத்தில் இரண்டு பெண்கள் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பதை நினைத்தாலே எனக்குப் பெருமை பொங்குகிறது. நம் நாட்டு அஸார் மன்சோர் 1999-இல் ஜாலூர் கெமிலாங் என்ற படகில் லங்காவியிலிருந்து தனியாகவே உலகைச் சுற்றினார். தனியாகப் போகிறவருக்குக் கொதிநீர் பட்டால் மருந்து போடக்கூட இன்னொரு கை கிடையாது.

இன்னும் பழைய கதை ஒன்று. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்து 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நம் பாய்க்கப்பல்களில் சமையல் திறந்த மேல்தளத்தில், விறகில். விறகு அடுப்பில் புகையும் பொறியும் உண்டு. ஆனால் கேஸ் கிடையாது. நவீனப் படகில் சமையல் கீழே இறங்கி, மூடிய அறைக்குள் வந்துவிட்டது. அங்கிருந்துதான் அடுத்த ஆபத்து.

நாம் வீட்டில் புழங்குகிற சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை. கசிந்தால் மேலே போகாது, கொட்டிய தண்ணீரைப் போலப் பள்ளத்தைத் தேடிப் போகும். தாசேக் கெலுகோரில் என் வீட்டுச் சமையல்கட்டில் கசிந்தால் வாசற்படி வழியாக வெளியே போய்விடும். படகுக்கு வாசற்படி கிடையாது. அடியில் ஓட்டையில்லாத தொட்டி அது. தண்ணீர் உள்ளே வராமல் இருக்கக் கட்டிய அதே சுவர், கேஸையும் வெளியே விடாது. தரைப்பலகைக்குக் கீழே பில்ஜ் என்கிற அடிப்பள்ளத்தில் போய்த் தேங்கி நிற்கும். அங்கேதான் தண்ணீர் இறைக்கும் பம்பும், பக்கத்தில் பேட்டரியும் இருக்கின்றன. காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கேஸ் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். ஒரு சுவிட்சின் பொறி போதும்.

அதனால் கேஸ் தோங்கை அறைக்குள் வைக்கவே கூடாது. மேல்தளத்தில் தனிப் பெட்டி இருக்க வேண்டும். உள்ளறைப் பக்கம் காற்றுப் புகாதபடி அடைத்திருக்க வேண்டும். பெட்டியின் அடியில் குழாய் வைத்து, கசிவது கடலுக்கு வழிந்துபோகும்படி விட்டிருக்க வேண்டும். அந்தக் குழாய் வாயைக் கயிறோ குப்பையோ அடைத்திருக்கிறதா என்று நான் விரலை விட்டே பார்ப்பேன். நல்ல படகுகளில் அடுப்புப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டினால் தோங்கிலேயே மின் வால்வு மூடிக்கொள்ளும். சுவிட்ச் இருக்கிறது என்பதற்காகக் கை வால்வை மறந்துவிடக் கூடாது. சமைத்து முடித்ததும் முதலில் தோங்கில் மூட வேண்டும். குழாயில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து தீ தானாக அடங்கும். அப்புறம் அடுப்பின் குமிழை மூடலாம். வரிசை மாறினால் குழாய் நிறைய கேஸ் இரவெல்லாம் நம்மோடு படுத்திருக்கும்.

அடுப்பு ஆடுகிறதல்லவா, அதோடு சேர்ந்து ரப்பர் குழாயும் ஆடும். ஆட ஆட வளைகிற இடத்தில் வெடிப்பு விழும். சோப்பு நுரையைத் துணியில் தோய்த்துத் தடவினால் கசிவு இருக்கிற இடத்தில் குமிழி எழும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். குழாயில் அச்சடித்த தேதியைப் பாருங்கள். பழையதாக இருந்தால் அடுப்பைத் தொடும் முன் மாற்றச் சொல்லுங்கள். அறைக்குள் கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தட்டாமல், வால்வை மூடி, மேல்மூடிகளைத் திறந்து, எல்லாரும் மேலே வந்துவிட வேண்டும். பம்பைப் போட்டு இறைக்கலாமே என்று தோன்றும். அந்தப் பம்பின் சுவிட்சும் ஒரு பொறிதான்.

கரையில் தோங் நிரப்பும் இடத்திலும் கண் வேண்டும். வெளிநாட்டுப் படகின் தோங் நம் ஊர் 14 கிலோ தோங் மாதிரி இருக்காது, வாயும் பொருந்தாது. ஏதோ இணைப்பை மாட்டித் தலைகீழாகப் பிடித்து நிரப்பித் தருகிறவர்கள் உண்டு. திரவம் 80 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. நம் வெயிலில் விரிவதற்கு மேலே இடம் வேண்டும். விளிம்புவரை நிரப்பித் தருவது தாராளம் அல்ல.

கைக்கடக்கமான ஸ்டீம்போட் அடுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெருநாளைக்கு மேசையில் வைக்கிறோமே, பக்கவாட்டில் கேஸ் டின் செருகுவது. சின்னப் படகுகளில் அதைத்தான் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். அது ஆடாத மேசைக்குச் செய்தது. அகலமான குவாலியை மேலே வைத்தால் அதன் சூடு டின்னின்மேல் கவியும், டின் வெடிக்கும். மிச்ச டின்களைக் கட்டிலுக்கு அடியில் போட்டு வைக்கிறார்கள். கடல் உப்பில் டின் துருப்பிடித்துக் கசியும், கசிந்தது நேரே பில்ஜுக்கு. நங்கூரம் போட்டு நிற்கும்போது மேலே காக்பிட்டில் வைத்துச் சமைப்பதென்றால் சரி. ஓடுகிற படகின் அறைக்குள் அதை நான் பற்றவைக்க மாட்டேன்.

மழை வந்தால் எல்லா மூடியையும் சாத்திவிடுகிறோம், அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. அப்போது அறைக்குள் கார்பன் மோனாக்சைடு சேரும். வாடை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. தலைவலி, குமட்டல் என்று தொடங்கும். கடல் மயக்கம்தான் என்று படுத்துவிடுவோம், அதுதான் மோசம். 2014 ஜனவரியில் இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் எஷ்கோல் என்ற மீன்பிடிப் படகில், குளிருக்காக கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்கிய 2 பேர் இப்படித்தான் இறந்தார்கள். நமக்குக் குளிர் இல்லை, மழை இருக்கிறது. அடுப்பு எரியும்வரை காற்று வர ஒரு வழி திறந்தே இருக்கட்டும். மழை உள்ளே தெறித்தால் துடைத்துக்கொள்ளலாம். பேட்டரியில் ஓடும் எச்சரிக்கைக் கருவி கடையில் கிடைக்கிறது, வாங்கிப் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

பொரிப்பது கடலில் கிடையாது. மீன் பொரித்துக் கொடுங்கள் அக்கா என்று எத்தனை பேர் கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்வேன். சம்பாலை வீட்டிலேயே எண்ணெய் பிரிய வதக்கி, ஆறவைத்து, மூடி இறுகிய டப்பாவில் கொண்டுவந்துவிடுவேன். தீப்பிடித்த எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் தீ கூரைக்கு ஏறும். தீப்போர்வையால் மூடி, கேஸை அடைத்து, முழுக்க ஆறும்வரை திறக்காமல் இருக்க வேண்டும். அந்தப் போர்வையை அடுப்புக்குப் பின்சுவரில் மாட்டி வைத்திருக்கும் படகுகள் இருக்கின்றன. எரியும்போது தீயைத் தாண்டிக் கை நீட்டி எடுப்பது யார்? வெளியேறும் வழியில், படியோரத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

தேங்காய்ப்பால் சேர்த்ததை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். நாசி லெமாக் காலையில் செய்தால் மதியத்துக்கு மேல் என் படகில் இருக்காது. ஆறிய சோற்றையும் இந்த வெக்கையில் வைத்திருந்து பிறகு சூடாக்கித் தருவதில்லை. சோற்றில் வளரும் கிருமி விடுகிற நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. கரையில் வயிற்றுப்போக்கு ஒரு நாள் லீவு. நடுக்கடலில் 5 பேரில் 3 பேர் படுத்தால் படகை ஓட்ட ஆள் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சுட்டுக்கொள்வது நடக்கத்தான் செய்யும். நான் வேலை செய்த ஒரு படகில், இருபது வயதுப் பையன் ஒருவனுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சூப் கொட்டியது. பற்பசை தடவலாம் என்றார் ஒருவர், மஞ்சள் என்றார் இன்னொருவர். எதையும் தடவ விடவில்லை. வாட்சைக் கழற்றினேன், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. 20 நிமிடம் குளிர்ந்த நல்ல தண்ணீரைச் சன்னமாக ஊற்றிக்கொண்டே இருந்தோம். தொட்டித் தண்ணீர் குறைகிறதே என்று படகுக்காரர் தயங்கினார். குடிக்கப் போத்தல் தண்ணீர் இருக்கிறது, ஊற்றுங்கள் என்றேன். பிறகு சாப்பாடு மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டாமல், நீளவாக்கில் மேலே போர்த்தினோம். கொப்புளத்தை உடைக்கவில்லை. கரையேறியதும் நேரே மருத்துவமனை. கை இன்று நன்றாக இருக்கிறது, அவனே சுக்கான் பிடிக்கிறான்.

படகு கிளம்பும் முன் கேப்டன்மார் எல்லாரையும் கூப்பிட்டு உயிர்காப்பு உடை, ரேடியோ, 16-ஆம் சேனல் எல்லாம் விளக்குவார்கள். அந்தப் பேச்சு முடிந்ததும் நான் 5 நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்வேன். வந்திருப்பவர்கள் ஒவ்வொருவரையும் தோங் பெட்டிக்குக் கூட்டிப்போய் அவரவர் கையாலேயே வால்வை ஒருமுறை மூடித் திறக்கச் சொல்வேன். தீப்போர்வையை ஒருமுறை தொட்டுவிட்டு வரச் சொல்வேன். சுக்கான் பிடிக்கப் போகிறவர் யாரோ அவரிடம் தனியாக, திருப்பும் முன் எப்படிக் குரல் கொடுக்க வேண்டும், நான் என்ன பதில் சொல்வேன் என்று சொல்லி, ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். சிலர் வெட்கப்படுவார்கள். அவர்கள் சொல்லிக் காட்டும்வரை நான் அரிசி கழுவுவதில்லை.